வேம்பா, புங்கனா: நிழல்மரம் நடும் முன்னும் பின்னும்

சீர்காழி பக்கம் வைத்தீஸ்வரன்கோயிலில் தலமரம் வேம்பு. அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் திருப்புன்கூர். அந்த ஊரின் பெயரிலேயே புங்கன் இருக்கிறது, கோயிலின் தலமரமும் அதுதான். பக்கத்துப் பக்கத்து ஊரில் ஆளுக்கொரு மரம். வீட்டு வாசலுக்கும் தெருவோரத்துக்கும் நிழல்மரம் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பதும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான். இரண்டும் நம் மண்ணின் மரங்கள். வேர்பிடித்துவிட்டால் உரமும் மருந்தும் கேட்காதவை. நர்சரியில் மலிவாகக் கிடைப்பவை. அதனால் எது கையில் கிடைத்ததோ அதை நட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் ஆண்டில் ஒரு வேம்பு மழைக்காலத்தில் அழுகிச் சாகும்போதோ, புங்கனின் தாழ்ந்த கிளை வண்டியின் கூரையை உரசும்போதோதான் தவறு தெரிகிறது.

முடிவு செய்ய வேண்டிய இடம் நர்சரி இல்லை. உங்கள் மண்ணில் தோண்டும் ஒரு சிறு குழிதான்.

குழியில் நீர் ஊற்றிப் பாருங்கள்

மரம் வைக்க நினைக்கும் இடத்தில் ஓர் அடி அகலம், இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். விளிம்பு வரை நீர் ஊற்றி முழுதும் வடிய விடுங்கள். முதல் நீரைக் காய்ந்த மண் குடித்துவிடும் என்பதால் அது கணக்கில் வராது. மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிட்டால் வேம்புக்கு ஏற்ற மண். சிவகங்கை, புதுக்கோட்டைச் செம்மண் நிலங்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். காலையில் ஊற்றியது மறுநாள் காலைக்குள் வடிந்தால் இரண்டில் எதையும் வைக்கலாம், ஆனால் வேம்பை மேடு கட்டி வைக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்தும் அடியில் நீர் நின்றால் வேம்பை மறந்துவிடுங்கள். அது புங்கனின் இடம்.

இந்தச் சோதனையைக் கோடையில் செய்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த இடத்தில் எத்தனை நாள் நீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் கோடையில் மண் வெடித்துக் கிடக்கும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் முழங்கை ஆழத்துக்கு ஏறிவிடும்.

வேம்பு வறட்சியில் பழகிய மரம். ஆண்டுக்கு 450 மில்லிமீட்டர் மழை கிடைத்தாலே போதும் என்ற கணக்கில் வேரை ஆழமாக விடுகிறது. அந்த வேருக்கு மண்ணின் இடுக்குகளில் காற்று வேண்டும். நீர் தேங்கி அந்தக் காற்று வெளியேறினால் நுனிவேர்கள் முதலில் அழுகும். நீர் உறிஞ்ச வேர் இல்லாததால், நீரிலேயே நிற்கும் மரம் தாகத்தில் வாடுவதுபோல் இலை மஞ்சளாகித் தொங்கும். இதைப் பார்த்து இன்னும் நீர் ஊற்றிக் கொன்ற வேம்புகள் ஏராளம்.

புங்கன் ஆற்றங்கரையிலும் கடலோரக் கழிமுகத்திலும் பிறந்தது. அதன் காய் நீரில் மிதந்து போய்க் கரை ஒதுங்கி முளைக்கும். வேர் சில வாரம் நீரில் நின்றாலும் தாங்கும், உப்பையும் பொறுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மனைகளில், ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் இடங்களில், யோசிக்காமல் புங்கன் வைக்கலாம். வேம்பு ஓரளவு உவரைத் தாங்கும் என்றாலும் வளர்ச்சி குன்றும்; இலைநுனி கருகிக்கொண்டே இருக்கும்.

கரிசலில் கொஞ்சம் கவனம் வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் வரப்புகளில் வேம்பு நன்றாகவே நிற்கிறது. அங்கே மழை குறைவு, வரப்பும் மேடு. அதே கரிசல் வீட்டுமனையில் கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நாள் முழுதும் ஈரமாக இருக்கும் மூலையில் வைத்தால் வேம்பு நிற்காது.

தோண்டும்போது இரண்டடியில் வெள்ளையாகச் சுக்கான் பாறை தட்டுப்பட்டால் இரண்டு மரங்களுக்குமே கடப்பாரையால் அதை உடைத்து வழி விட வேண்டும். உடைக்காவிட்டால் வேர் கிண்ணத்துக்குள் வைத்த செடிபோல் பக்கவாட்டில் சுற்றும். பெருங்காற்றில் முதலில் சாய்வதும் அந்த மரமே.

வெயிலும் இடமும்

வேம்புக்கு முழு வெயில் தேவை. இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே வைத்தால் ஒளியைத் தேடி ஒல்லியாக உயர்ந்து, அடியில் கிளையே இல்லாமல் உச்சியில் மட்டும் குடை விரிக்கும். நிழல் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குத்தான் போகும். புங்கன் அரை நிழலிலும் அடர்த்தியாக வளரும், குறிப்பாக இளம் வயதில்.

முற்றிய வேம்பு 15 முதல் 20 மீட்டர் உயரம் போகும், குடை ஏறக்குறைய அதே அகலத்துக்கு விரியும். புங்கன் சாதாரணமாக 12 முதல் 15 மீட்டர், ஆனால் அகலத்தில் குறைந்ததில்லை. கிளைகள் தாழ்ந்து தொங்கும். வரிசையாக நடும்போது வேம்புக்கு வேம்பு 30 அடி, புங்கனுக்குப் புங்கன் 25 அடி விடுங்கள். நர்சரிக்காரர் 10 அடி போதும் என்பார். அவருக்கு அதனால் மூன்று கன்று விற்கும்.

வீட்டுச் சுவரிலிருந்து வேம்பு குறைந்தது 15 அடி தள்ளி இருக்கட்டும். புங்கனுக்கும் அதே தூரம், ஆனால் காரணம் வேறு. புங்கனின் பக்கவேர் வெகுதூரம் ஓடும், ஓடிய வேரிலிருந்து ஆங்காங்கே பக்கக்கன்று கிளம்பும். கிணற்றுச் சுவர், கழிவுநீர்த் தொட்டி, பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடம் இருக்கும் இடத்தில் 20 அடி தள்ளியே வையுங்கள். மின்கம்பிக்கு நேர் கீழே இரண்டையுமே வைக்கக் கூடாது. கம்பிக்காக ஆண்டுதோறும் நடுவில் வெட்டி இரண்டாகப் பிளந்த மரம் அழகும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

தளம் போடுகிறவர்கள் மரத்தடியில் 4 அடிக்கு 4 அடி மண்ணைத் திறந்தே விட வேண்டும். நடைபாதை என்றால் 3 அடியாவது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. சிமென்ட் சதுரத்துக்குள் முடங்கிய வேர் எவ்வளவு சின்னது என்பதை அன்று நகரமே பார்த்தது.

எந்த மாதத்தில் எது விழும்

"குப்பை போடாத மரம் எது?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. இரண்டுமே போடும். எப்போது, எதை என்பதில்தான் வேறுபாடு, அதுவே பலருக்கு முடிவைத் தீர்மானிக்கிறது.

வேம்பு மாசி, பங்குனியில் பழுத்த இலையை உதிர்க்கும். சில இடங்களில் ஓரிரு வாரம் கிட்டத்தட்ட மொட்டையாக நிற்கும். அதற்குள் செம்பு நிறத் தளிர் வந்துவிடும். பங்குனி, சித்திரையில் பூ. புத்தாண்டுப் பச்சடிக்கு வேண்டுமென்றால் இரவில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தால் காலையில் கிடைக்கும். ஆனி, ஆடியில் பழம் பழுத்து விழும், தொல்லை அப்போதுதான். பிசுபிசுப்பான சதை வண்டிமேல் ஒட்டும், ஈ மொய்க்கும், காகமும் வௌவாலும் கொட்டையைத் துப்பும். கார் நிறுத்துமிடத்தின் மேலே வேம்பு வேண்டாம்.

புங்கனும் மாசியில் இலை உதிர்க்கும், ஆனால் வெறுமையாக நிற்கும் நாட்கள் மிகக் குறைவு. பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும்போது, மற்ற மரங்கள் காய்ந்து நிற்கையில், பளபளவென்ற இளம்பச்சையில் முழு மரமும் நிறைந்துவிடும். கோடை நிழலுக்கு இதை வெல்ல நம்மூரில் மரம் குறைவு. சித்திரை, வைகாசியில் வெண்மையும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பூ, பொரி சிந்தியதுபோல் தரை முழுதும். சங்கப் புலவர்களும் பொரியைத்தான் உவமை சொன்னார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கோடை மழை நனைத்தால் வழவழப்பான கிரானைட் படியில் கால் வழுக்கும். காய் முற்ற 10, 11 மாதம் ஆகும் என்பதால் அடுத்த பங்குனி, சித்திரையில்தான் விழும். காய்ந்த தோடு, ஒட்டாது. பெருக்கினால் போதும். வண்டி நிறுத்தத்துக்கு இரண்டில் ஒன்று என்றால் புங்கன்.

சிறு பிள்ளைகள் உள்ள வீடு, பள்ளிக்கூடம் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: புங்கங்கொட்டை நஞ்சு, தின்றால் வாந்தி எடுக்கும். வேப்பம் பழம் பறவைக்கு உணவு. ஆனால் வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுப்பது ஆபத்து. பழைய வைத்தியம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கன்று வாங்கும்போது

முதலில் கேட்டது வேம்புதானா என்று பாருங்கள். மலைவேம்பும் துலுக்க வேம்பும் 'வேம்பு' என்ற பெயரிலேயே கைமாறுகின்றன. நாட்டு வேம்பில் ஒரு காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் ஒரே அடுக்காக நிற்கும். ஒவ்வொன்றும் அரிவாள்போல் சற்று வளைந்து, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். மற்ற இரண்டிலும் காம்பு மீண்டும் மீண்டும் கிளைத்து, இலை இரண்டு மூன்று அடுக்காக இருக்கும். மலைவேம்பு வேகமாக வளரும் தடிமரம், வாசல் நிழலுக்கு ஆகாது. புங்கனில் குழப்பம் இல்லை: ஐந்து அல்லது ஏழு சிற்றிலை, நுனியில் ஒன்று தனியாக, மேற்பக்கம் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு.

மூன்று முதல் ஐந்தடி உயரம், சுண்டுவிரல் தடிமன் தண்டு, ஓராண்டு வயது. இதுதான் நல்ல கன்று. எட்டடி உயரத்தில் சிறிய பையில் நிற்கும் கன்றைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். வேம்பின் ஆணிவேர் பையின் அடியைத் தொட்டதும் சுருண்டு வட்டமடிக்கும். மண்ணில் நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. தண்டு பருக்கப் பருக்கத் தன்னையே இறுக்கும். பத்தாம் ஆண்டில் காரணமில்லாமல் விழும் மரத்தின் அடியைத் தோண்டினால் இந்த முடிச்சு கிடைக்கும். தண்டின் அடியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். மண்ணும் சேர்ந்து அசைந்தால் வேர் பிடிப்பு நன்று. தண்டு மட்டும் தனியாக ஆடினால் அண்மையில் பை மாற்றிய கன்று, இன்னும் இரண்டு மாதம் போகட்டும்.

மரத்தடியில் தானே முளைத்த வேப்பங்கன்றைப் பெயர்த்து நட நினைத்தால் ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்போதே, மழைநாளில், கடப்பாரையால் ஆழமாக மண்ணோடு எடுக்க வேண்டும். இடுப்பளவு வளர்ந்ததைப் பிடுங்கினால் ஆணிவேர் அறும், பத்தில் ஒன்று பிழைத்தால் அதிகம்.

விதை போட விரும்பினால் வேம்புக்குக் கெடு உண்டு. மஞ்சளாகப் பழுத்த பழத்தை எடுத்து, அன்றே நீரில் பிசைந்து சதையைக் கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதன்பின் முளைப்பு சரசரவென்று இறங்கும். போன ஆண்டு வேப்பங்கொட்டை பிண்ணாக்குக்குத்தான் உதவும். விதையைப் படுக்கைவாட்டில், ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முளைக்கும். புங்கன் விதைக்கு அவசரம் இல்லை, ஆறு மாதம் வரை கவலையின்றி வைத்திருக்கலாம். தோட்டைத் தட்டி உடைத்து, பருப்பை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் இரண்டு வாரத்தில் வந்துவிடும். புங்கன் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டும் வேர்விடும், ஆனால் ஆணிவேர் இல்லாத மரம் கிடைக்கும். வேலிக்கு அது சரி, தெருமரத்துக்கு வேண்டாம்.

நடுவது

கிழக்கு, தெற்கு மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி வரை. தென்மேற்குப் பருவமழை எட்டும் கோவை, தேனிப் பக்கங்களில் ஆனியிலும் நடலாம். ஆனால் ஆடிக் காற்றுக்கு முட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள். டெல்டாவின் களிமண்ணில் வேம்பு வைப்பதென்றால் அடைமழை ஓய்ந்த மார்கழி, தை நல்லது.

செம்மண்ணில் 2 அடி நீள அகல ஆழம் போதும். இறுகிய மண்ணில் 3 அடி. மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவியுங்கள். குழியின் பக்கச்சுவர் மண்வெட்டி இழுத்து வழவழவென்று இருக்கும்; அதைக் கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். பத்து நாள் ஆற விடுங்கள்.

மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு அரைக் கிலோ கலந்து நிரப்ப வேண்டும். மக்காத சாணம் கறையானை அழைத்து வரும். இளம் புங்கனின் தண்டை மண்கூடு கட்டிக் கறையான் அரித்துவிடும். களிமண்ணில் ஒரு பொதுத்தவறு நடக்கிறது. குழி முழுதும் ஆற்றுமணலும் உரமும் போட்டுப் பொலபொலவென்று நிரப்புகிறார்கள். சுற்றிலும் களி, நடுவில் மணல் என்றால் அது தொட்டி. மழைநீர் முழுதும் அங்கே இறங்கித் தேங்கும். தோண்டிய மண்ணையே முக்கால் பங்கு திருப்பிப் போடுங்கள். வேம்பென்றால் தரையிலிருந்து ஓர் அடி மேடு கட்டி, ஐந்தடி அகலத்துக்குச் சரிவாக்கி, அதன் உச்சியில் நடுங்கள்.

பையைப் பிளேடால் கீழிருந்து மேலாகக் கீறி எடுங்கள். அடியில் சுருண்ட வேரை, ஓர் அங்குலம் மண்ணோடு சேர்த்து, கூரான கத்தியால் ஒரே வெட்டாக எடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் சுற்றும் வேர் இருந்தால் மூன்று இடத்தில் நெடுக்காகக் கீறுங்கள். பயப்பட வேண்டாம், வெட்டிய இடத்திலிருந்து புது வேர் வெளிநோக்கி ஓடும். பையில் மண்மட்டம் எங்கே இருந்ததோ குழியிலும் அங்கேயே இருக்க வேண்டும். தண்டின் கழுத்து மண்ணுக்குள் போனால் பட்டை அழுகும். நட்டதும் காலால் ஏறி மிதிக்காமல் கையால் அழுத்தி, இரண்டு வாளி நீர் ஊற்றினால் மண் தானே இறங்கி வேரை அணைக்கும்.

முட்டுக்கழி இரண்டு, கன்றின் இருபுறமும், ஓரடி தள்ளி. சணல் கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு சற்று ஆட வேண்டும். ஆடினால்தான் அடி பருக்கும். நைலான் கயிறோ கம்பியோ கட்டி மறந்துவிட்டால் இரண்டாம் ஆண்டில் பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்கும். ஒன்றரை ஆண்டில் முட்டுக்கழிகளை எடுத்துவிடுங்கள். ஆடு மேயும் தெருவென்றால் வேம்புக்குக் கூண்டு கட்டாயம். புங்கந்தழையை ஆடுமாடு அவ்வளவாகத் தொடுவதில்லை, அதற்கு முள் வைத்துக் கட்டினாலே பெரும்பாலும் போதும்.

முதல் மூன்று ஆண்டு நீர்

கன்றைச் சுற்றி மூன்றடி அகலத்தில் வட்டப்பாத்தி. தண்டை ஒட்டி ஒரு சாண் மட்டும் மண்ணை மேடாக விட்டு, நீர் கழுத்தில் நிற்காமல் பாருங்கள். முதல் மாதம், மழை இல்லாத நாட்களில், செம்மண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 10 லிட்டர். களிமண்ணுக்கு நாலு நாளுக்கு ஒருமுறை. ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் வேண்டாம்.

இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை 15 லிட்டர். முதல் கோடையில் வாரம் 20 லிட்டர், இரண்டு அங்குலத் தடிமனுக்குக் காய்ந்த இலை மூடாக்கு. தினமும் ஒரு செம்பு ஊற்றுவது அக்கறைபோல் தெரியும். மேல்மண் மட்டும் நனைந்து வேர் மேலேயே தங்கிவிடும். பாத்தியை ஆண்டுக்கு ஓரடியாவது வெளியே தள்ளிக்கொண்டே போங்கள், நீரைத் தேடி வேரும் வெளியே போகட்டும்.

மூன்றாம் கோடையில் வேம்புக்குப் பெரும்பாலும் நீரே வேண்டாம். புங்கனுக்கு வறண்ட செம்மண்ணில் இன்னொரு கோடை, பத்து நாளுக்கு ஒருமுறை 30 லிட்டர் கொடுங்கள். கொடுக்காவிட்டால் சாகாது, ஆனால் கோடைத் தளிர் சிறுத்துப்போகும். அந்தத் தளிருக்காகத்தானே அதை வைத்தது. புல்தரைக்குத் தினமும் நீர் தெளிக்கும் தோட்டத்தில் வேம்பு நட வேண்டாம். அந்த ஈரத்தில் நிழல் தர புங்கன் இருக்கிறது. அது வேர்முடிச்சில் தழைச்சத்தையும் சேர்க்கும். நெல்வயலுக்குப் புங்கந்தழை மிதித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒழுங்காக நீர் பெற்ற வேம்பு முதலாண்டில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் வளர்ந்து, மூன்றாண்டில் 12 முதல் 20 அடி தொடும். புங்கன் அதைவிடச் சற்றுப் பின்தங்கும்.

கவாத்து

கை அதிகம் தேவைப்படுவது புங்கனுக்கே. விட்டுவிட்டால் இடுப்பளவிலேயே நாலு கிளையாகப் பிரிந்து புதர்போல் நிற்கும். பூங்காவின் மூலையில் அது அழகு. தெருவில் அடியில் ஆள் நடக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு ஒரு நேரான தண்டைத் தலைவனாகத் தேர்ந்து, போட்டி போடும் கிளைகளின் நுனியைக் கிள்ளுங்கள். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் கீழ்க்கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்து எட்டடி வரை வெறுந்தண்டு கொண்டுவாருங்கள். ஒரே நாளில் மொத்தப் பசுமையில் கால்பங்குக்கு மேல் எடுத்தால், தண்டு பருக்காமல் தலை மட்டும் கனத்து வளையும். வேரிலிருந்து வரும் பக்கக்கன்றை மண்ணைத் தோண்டி, ஒட்டும் இடத்திலேயே கிழித்தெடுங்கள். தரைமட்டத்தில் நறுக்கினால் ஒன்றுக்கு மூன்றாக வரும்.

வேம்பு தானே நிமிரும். அதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே தடிமனில் இரண்டு தண்டு ஆங்கில 'வி' எழுத்துபோல் நெருக்கமாகப் பிரிந்திருக்கிறதா? நடுவில் பட்டை உள்மடிந்திருந்தால் அந்தக் கவை என்றைக்காவது பிளக்கும். கட்டைவிரல் தடிமனில் இருக்கும்போதே ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இரண்டுக்கும் தை மாதமே ஏற்ற காலம். மழைக்காலத்தில் வேம்பை வெட்டினால் வெட்டுக்காயம் வழியே பூசணம் நுழையும். பெரிய கிளையென்றால் மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கம் மூன்றில் ஒருபங்கு அறுங்கள், அதற்கு ஓரங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்துங்கள், மிச்சத் துண்டைக் கடைசியாக எடுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு பருத்த மடிப்பு இருக்கும். அந்த மடிப்பு மரத்திலேயே இருக்க, அதன் வெளிவிளிம்பை ஒட்டி அறுக்க வேண்டும். காயத்தை மூடிக்கொள்ளும் புதுத்திசு அங்கிருந்துதான் வரும். தார் பூச வேண்டாம், அது ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலை வளர்க்கும்.

நோய் போலத் தெரிவதும் நோயும்

புங்கனில் அதிகம் கேட்கப்படுவது இலையில் முளைக்கும் விரல்போன்ற கொப்புளங்கள் பற்றி. எரியோபைட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்சிலந்தி தளிரைக் குத்துவதால் வருவது. பார்க்க அருவருப்பாக இருக்கும். வளர்ந்த மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மருந்தடிக்க ஆள் கூப்பிடுவது காசுக்குக் கேடு. இளங்கன்றில் பாதி இலைக்கு மேல் பாதித்திருந்தால் மட்டும் அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, புதுத்தளிர் வரும் நேரத்தில் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் தளிர் கருகும்.

வேம்பில் வருவது இதைவிடக் கலக்கமூட்டும். ஆவணியில் தொடங்கி மார்கழி, தைக்குள் மரத்தின் கிளைநுனிகள் தீயில் வாட்டியதுபோல் காய்ந்து, இலை பழுப்பாகித் தொங்கும். 2021-இல் தெலங்கானாவில் ஊர் ஊராக இப்படிக் காய்ந்தபோது மக்கள் பயந்தார்கள். தமிழ்நாட்டிலும் பல இடங்களில் காணப்படுகிறது. இரண்டு காரணம் சேர்ந்து வருகிறது. தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சி தளிரில் சாறு உறிஞ்சுவது ஒன்று, போமாப்சிஸ் பூசணம் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பரவுவது மற்றொன்று. மரம் செத்துவிட்டதென்று கோடாலி எடுக்காதீர்கள். காய்ந்த பகுதிக்குக் கீழே நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பெரும்பாலான மரங்கள் பங்குனியில் மீண்டும் தளிர்க்கும். எட்டும் உயரத்துச் சிறு மரமென்றால், காய்ந்த இடத்துக்கு அரையடி கீழே பச்சைத் தண்டில் வெட்டி எரித்து, கார்பென்டாசிம் லிட்டருக்கு 1 கிராம் தெளிக்கலாம். வெட்டும்போது கத்திரியை ஒவ்வொரு மரத்துக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பெரிய மரத்துக்கு மருந்து எட்டாது, காத்திருப்பதே வைத்தியம்.

தண்டில் கறையான் மண்கூடு தெரிந்தால் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். முதிர்ந்த மரத்தில் அது செத்த பட்டையைத்தான் தின்கிறது.

புல்லுருவி இரண்டிலும் ஏறும். தடித்த, வேறுநிற இலைக்கொத்து ஒன்று கிளையில் தனியாகத் தெரிந்தால் அதுதான். பறவை பழத்தைத் தின்று ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். கொத்தை மட்டும் ஒடித்தால் மீண்டும் வரும், அதன் வேர் கிளைக்குள் ஓடியிருக்கும். ஒட்டிய இடத்துக்கு ஓரடி உள்ளே, தண்டின் பக்கமாக, கிளையோடு அறுங்கள். அது காய்க்கும் முன் செய்ய வேண்டும்.

காற்றில் சாய்ந்த கன்றுக்கு ஒரு வார்த்தை. மூன்று வயதுக்குள் என்றால், மண் ஈரமாக இருக்கும் இரண்டு நாளுக்குள் நிமிர்த்திவிடலாம். தூக்கும் முன் வேர் பெயர்ந்த பக்கம் மண்ணைத் தோண்டி இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மறுபக்க வேர் ஒடியும். நிமிர்த்தி, உச்சியில் மூன்றில் ஒருபங்கைக் குறைத்து, மூன்று திசையில் இழுவைக்கயிறு கட்டுங்கள். தண்டில் படும் இடத்தில் பழைய டயர் ட்யூப் சுற்றுங்கள். புங்கன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேம்பில் ஆணிவேர் முறிந்திருந்தால் மெனக்கெட வேண்டாம்; அதே குழியில் அடுத்த ஐப்பசியில் புதுக்கன்று வையுங்கள், இந்தமுறை பையின் அடியைப் பார்த்து வாங்கி.